குழியில் போட்டது எந்த மணல்? கேட்க எந்த வாசல்?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்த கையோடு எங்கள் ஊர்க்கமிட்டி அறையில் பதினாறு பேர் உட்கார்ந்தோம். மேசைமேல் ஒரு கணக்கு நோட்டு. வீட்டுக்கு நூறு, வள்ளத்துக்கு ஐந்நூறு என்று பிரித்ததில் 40,000 ரூபாய் சேர்ந்திருந்தது. கனிமத்துக்காகக் கருமணல் அள்ளிய பழைய குழிகளைப் பற்றியும் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் பல வருடம் பேசிப் பேசி ஓய்ந்த ஊர், ஒருவழியாகப் பிரித்த பணம். தலைவர் மாமா கேட்டார்: "வக்கீலப் பாக்கவா, அளக்குற மெஷினு வாங்கவா, இல்ல வேன் பிடிச்சு கலெக்டர் ஆபீசுக்குப் போவவா? எல்லாத்துக்கும் காணாது. ஒண்ணச் சொல்லுங்க."

யாராலும் சொல்ல முடியவில்லை. "நீ எழுதிக் கொண்டா மக்கா" என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். அவர்களுக்காக எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே வைக்கிறேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கிற ஊர்கள் நிறைய.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்று. எதைக் கேட்கப் போகிறோம் என்பது தெளிவாகாமல் எந்த வாசலில் போய் நின்றாலும் வெறுங்கையோடுதான் திரும்புவோம்.

நம் கருமணலின் கதை 1909இல் தொடங்குகிறது. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் மின்னுவதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் கண்டார். அப்போது உலகமெங்கும் எரிந்த காஸ் விளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் என்ற கதிர்வீசும் உலோகம் வேண்டியிருந்தது. அது மோனசைட்டில் இருந்தது. அவர் நம் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை வைத்தார். 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1963இல் அது முழுமையாக மத்திய அரசின் அணுசக்தித் துறையின்கீழ் வந்தது. பிறகு மணவாளக்குறிச்சி ஆலையும் அதன் கைக்குப் போனது. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் என்று நம் கரையில் கிடக்கும் கனிமங்கள் வெள்ளைப் பெயிண்ட் முதல் தரை ஓடு வரை, மின்சாரக் காரின் காந்தம் வரை போகின்றன.

பிரிக்கும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம் கோரிக்கை அதில்தான் நிற்கிறது. அள்ளிய மணலைத் தண்ணீரோடு சுருள் தொட்டிகளில் ஓடவிட்டால் கனமானது உள்பக்கம் ஒதுங்கும், இலேசான வெள்ளை மணல் வெளியே போகும். கனமானதைக் காயவைத்துக் காந்தத்திலும் உயர் மின்னழுத்தத்திலும் ஓட்டி வகை பிரிப்பார்கள். இதில் ரசாயனம் கிடையாது. மோனசைட்டைக் காரத்தில் வேகவைத்து உடைக்கும் வேலை வேறிடத்தில்: முன்பு ஆலுவாவில் நடந்தது, இப்போது ஒடிசாவின் சத்ரபூரில் நடக்கிறது. எனவே ஆலுவாவில் சேர்ந்தது போன்ற தோரியக் கழிவு நம் மாவட்டத்தில் இல்லை. இதை நாமே முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். நம்மிடம் மிஞ்சுவது வேறு: குழியை மூட அனுப்பிய வெள்ளை மணல், மோனசைட் கூடிப்போன மிச்சம், லாரி போன வழியில் படிந்த தூசி, தாழ்ந்துபோன மணல்மேடு, அந்த மேடு தாங்கி வைத்திருந்த நல்ல தண்ணீர்.

மணல் எடுக்கும் தரப்பு எப்போதும் ஒரு வாதம் வைக்கும்: கருமணலை எடுத்துவிட்டு வெள்ளை மணலால் மூடிய நிலத்தில் கதிர்வீச்சு முன்பைவிடக் குறைகிறது, ஆகவே உங்களுக்கு நன்மைதானே. இந்த வாதம் பொய்யல்ல. இந்திய மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு தோரியம் ஆக்சைடு; அதை எடுத்துவிட்டால் மீதி மணலில் கதிர் குறையத்தான் செய்யும். ஆனால் அது ஒரு நிபந்தனையோடு வருகிற உண்மை. குழியில் திரும்பப் போட்டது வெள்ளை மணலாக இருந்தால் மட்டுமே அது நிற்கும். மோனசைட் கூடிய மிச்சத்தைத் தனிக் குழியில் போட்டு மேலே நல்ல மணல் மூடவேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள குழிகளோ யார் யாரோ, எந்தெந்தக் காலத்திலோ அள்ளியவை. சில அளவெடுத்து வெட்டியவை, சில ராத்திரியில் வெட்டியவை. எந்தக் குழியில் எந்த மணல் போனது? ஊரில் யாருக்கும் தெரியாது.

அப்படியானால் நமக்கு வேண்டியது ஒரு கணக்கு. குழிவாரிக் கணக்கு: எங்கே வெட்டினார்கள், எவ்வளவு ஆழம், என்ன போட்டு மூடினார்கள், வெட்டுமுன் கதிர் எவ்வளவு, மூடியபின் எவ்வளவு. மேலே மூடிய நல்ல மணல் இன்னும் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அரை மீட்டர் நல்ல மண் கிடந்தால் கதிரின் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் நம் கரை கடலரிப்புக் கரை. 2004 சுனாமியும் 2017 ஒக்கிப் புயலும் என்ன செய்தன என்று கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் சொல்லத் தேவையில்லை. தோரியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டு. மூடி வைத்த மணல் ஓர் ஆடிக் கடலுக்குத் தாங்குமா என்பதே இங்கு சந்தேகம்.

இந்தக் கணக்கை எந்த வழியில் சீக்கிரம், குறைந்த செலவில், நாளைக்கு வழக்கிலும் நிற்கும்படி வாங்கலாம்? நான் ஒப்பிடுவது இந்த ஒரே அளவுகோலில்தான்.

மனுவும் கிராம சபையும்

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. வேன் வாடகை மட்டும் செலவு. நானும் கொடுத்திருக்கிறேன், கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி. நாற்பது நாள் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: மனு உரிய நடவடிக்கைக்காக இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. அந்த இன்னோர் அலுவலகத்திலிருந்து இன்றுவரை எதுவும் வரவில்லை. ஆனாலும் அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இன்ன தேதியில் நாங்கள் சொன்னோம் என்பதற்கு அது சாட்சி. மனுவின் பயன் அவ்வளவுதான், அது சின்னதும் அல்ல.

கிராம சபைத் தீர்மானத்துக்கு அதைவிட மதிப்பு உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஆனால் நம் மாவட்டத்தில் நிறைய ஊர்கள் பேரூராட்சிகள். மணவாளக்குறிச்சியும் பேரூராட்சிதான். அங்கே கிராம சபை கிடையாது, வார்டு அளவிலான பகுதி சபைதான். உங்கள் ஊர் எதில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஊராட்சியாக இருந்தால் அடுத்த கூட்டத்தை விடாதீர்கள். தீர்மான நகலைக் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். கணக்கு இதனால் வராது. கணக்குக் கேட்பவர்களுக்குப் பின்னால் ஊர் நிற்கிறது என்பது மட்டும் பதிவாகும்.

பத்து ரூபாய்த் தாள்

தகவல் உரிமைச் சட்டத்தை எங்கள் கூட்டத்தில் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதுல என்னத்தக் கிடைக்கும், ரகசியம்னு சொல்லிருவான்" என்றார் பின்னாலிருந்த அண்ணன். அவர் சொன்னதில் பாதி சரி. நாட்டின் பாதுகாப்பு, அறிவியல் நலன் என்று 8ஆம் பிரிவைக் காட்டி மறுக்க முடியும். ஆனால் நாம் மோனசைட் எத்தனை டன் இருப்பில் உள்ளது என்று கேட்கப் போவதில்லை. நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள குழியில் என்ன கிடக்கிறது என்று கேட்கிறோம். கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஒவ்வொரு சுரங்கமும், நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், அறிக்கை தரவேண்டும். அது பொது ஆவணம் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே சொல்கிறது. அதை மறுக்க யாருக்கும் வழியில்லை. எங்கள் முதல் கேள்வி இதுதான்: கடந்த பத்து வருட அறிக்கைகள், அவற்றோடு கொடுத்த குழி வரைபடங்கள்.

மத்திய அரசு நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்கலாம். தனியார் அள்ளிய குழிகளுக்குத் தனியாரிடம் கேட்க முடியாது. ஆனால் அவர்கள் அரசிடம் கொடுத்த சுரங்கத் திட்டமும் மூடல் திட்டமும் கனிமவளத்துறைக் கோப்பில் இருக்கும், அவற்றை அங்கே கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டாலும் திருப்தி இல்லாவிட்டாலும் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. ஒரு பகுதி ரகசியம் என்றால் அதை மட்டும் மறைத்து மீதியைத் தரவேண்டும் என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. மனுவிலேயே அதை எழுதிவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று இந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் கிடக்கிறது. தகவல் என்றால் தாள் மட்டும் இல்லை. நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் குடிமகனுக்கு உரிமை உண்டு. அரசு நிறுவனம் மூடிய ஒரு குழியின் மணலைக் கையெழுத்து, முத்திரையோடு ஒரு பையில் கேட்கலாம். நாமாகப் போய் அள்ளிய மணலுக்கு வழக்கில் கிடைக்காத மதிப்பு அந்தப் பைக்குக் கிடைக்கும். கொடுக்க மறுத்தாலும், எந்தக் காரணத்துக்காக மறுத்தார்கள் என்ற எழுத்து நம் கையில் இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பத்து ரூபாய்த் தாளை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன்.

நாமே அளப்பது

அளக்கும் கருவி வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்: நாம அளந்தா யாரு நம்புவா? அவர்களுக்கு மலேசியாவின் கதையைச் சொன்னேன்.

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்குப் பக்கம் புக்கிட் மேரா என்ற ஊர். 1982இல் அங்கே ஏசியன் ரேர் எர்த் என்ற ஆலை மோனசைட்டை உடைக்கத் தொடங்கியது. தோரியக் கழிவு ஊர் ஓரத்திலேயே சேர்ந்தது. ஆலையும் அரசும் எல்லாம் பாதுகாப்பாக உள்ளது என்றன. 1984இன் கடைசியில் ஊர்க்காரர்கள் ஜப்பானிலிருந்து சடாவோ இச்சிகாவா என்ற பேராசிரியரை அழைத்து ஆலையைச் சுற்றி அளக்கவைத்தார்கள். அடுத்த ஆண்டு எட்டுப் பேர் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் மலேசிய உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் ஊரும் உலகமும் பேசிவிட்டன. 1994 ஜனவரியில் ஆலை தானாகவே மூடிக்கொண்டது. அந்தக் கழிவைத் துப்புரவாக்கி மலையில் புதைக்கும் வேலை அதற்கப்புறம் பல ஆண்டு நடந்தது, ஏறக்குறைய 10 கோடி டாலர் செலவில். வழக்கில் தோற்ற ஊர் கடைசியில் ஜெயித்தது. தொடக்கப் புள்ளி அந்த அளவுதான்.

நம் நிலையில் அளப்பது இன்னும் அவசியம், இன்னும் சிக்கல். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (உடலில் ஏறும் கதிரை அளக்கும் அலகு). அது இயற்கையாக உள்ளதற்குமேல், உரிமம் பெற்ற வேலையால் கூடுதலாக வருவதற்கான வரம்பு. நம் கரையில் இயற்கையே தாராளமாகக் கொடுத்திருக்கிறது. கருவியை ஒருநாள் நீட்டிப் பெரிய எண் காட்டினால், "அது உங்க மண்ணோட குணம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இயற்கை எவ்வளவு, மனிதர் வெட்டியதால் எவ்வளவு என்று பிரிக்க, வெட்டாத இடத்தின் அளவும் வெட்டிய இடத்தின் அளவும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும். காலமும் பார்க்கவேண்டும். ஆனி ஆடியில் கடல் அடிக்கும்போது கருமணல் கரையில் கனமாக ஏறும்; தை மாசியில் அதே இடம் வெளுத்துக் கிடக்கும். கரமடி வலை இழுத்த எந்தப் பெரியவரும் இதைச் சொல்வார். எனவே ஒரே புள்ளிகளில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், குறைந்தது வருடத்தில் இரண்டு பருவம். தேதி, நேரம், இடக்குறி, புகைப்படம். நோட்டில் பேனாவால்.

நாங்கள் விசாரித்த கையடக்கக் கருவி இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் கூட வருகிறது. அதை வாங்கவேண்டாம் என்பது என் கருத்து. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இயற்பியல் துறை உள்ள கல்லூரிகள் பல இருக்கின்றன. முதுகலை மாணவர்களின் ஆய்வுத் திட்டமாக இதைக் கேட்டால் ஆசிரியர் ஒருவர் முறையாகச் சரிபார்த்த கருவியோடு வருவார். செலவு வண்டிக் கூலியும் சாப்பாடும். ஆய்வகத்தில் மணலைப் பகுப்பதற்குக் கட்டணம் ஆகும், அதற்குப் பணம் ஒதுக்கலாம்.

தீர்ப்பாயம்

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், காணொலி வழியாகவும் ஆஜராகலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் இருபது வருடம் இழுப்பது இங்கே இரண்டு மூன்று வருடத்தில் முடிந்ததுண்டு. எல்லாவற்றையும்விட, 17ஆம் பிரிவின்படி யாருடைய தவறு என்று நிரூபிக்காமலேயே பொறுப்பேற்க வைக்கலாம். வேலூர்த் தோல் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட 'மாசுபடுத்தியவரே செலவு செய்யட்டும்' என்ற கொள்கை இந்தத் தீர்ப்பாயத்தின் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கொள்கை இங்கே வேரூன்றியதில் தமிழ்நாட்டு ஊர்கள் பட்ட பாட்டுக்கும் பங்கு உண்டு.

ஆனால் மூன்று இடத்தில் கால் வழுக்கும். முதலாவது நாள் கணக்கு. சுற்றுச்சூழல் பிரச்சினையைத் தீர்க்கச் சொல்லும் மனுவுக்கு, காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், அதிகபட்சம் இன்னும் 60 நாள். இழப்பீடும் நிலச் சீரமைப்பும் கேட்டால் 5 ஆண்டு, மேலே 60 நாள். பழைய குழி என்றால் "எப்போது எழுந்தது காரணம்?" என்பதே முதல் சண்டையாகிவிடும். தகவல் மனுவில் புதிதாக ஒன்று வெளிப்பட்டால் அந்தத் தேதியிலிருந்து எண்ண வாதாடலாம். ஆனால் பதில் வந்த பிறகு தூங்கினால் போச்சு.

இரண்டாவது கட்டணம். இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று. ஒரு கோடி கேட்டால் ஒரு லட்சம் கட்டவேண்டும், நம் கையில் இருப்பது நாற்பதாயிரம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமில்லை, எனவே யார் பெயரில் போடுகிறோம் என்பதை யோசிக்கவேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்கள் ஒரு பட்டியலாக உள்ளன: தண்ணீர், காற்று, வனம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பல்லுயிர் என்று. அணுசக்திச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. அபாயகரக் கழிவு விதிகளும் கதிரியக்கக் கழிவைத் தம் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டன. எனவே "கதிர்வீச்சு" என்று தலைப்பிட்டுப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அனுமதி நிபந்தனையின்படி குழியை மூடவில்லை, மணல்மேட்டைத் திரும்பக் கட்டவில்லை, கிணறு உப்பாகிவிட்டது என்று சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தையும் தண்ணீர்ச் சட்டத்தையும் பிடித்துப் போகவேண்டும். அதற்கும் அந்த அறிக்கைகளும் வரைபடங்களும் கையில் இருக்கவேண்டும். நம்முடைய அளவுகளும் சேர்ந்திருந்தால் தீர்ப்பாயம் ஒரு கூட்டுக் குழுவை அனுப்பி அளக்கச் சொல்ல அது போதும். இந்த வாசல் ஒருமுறைதான் திறக்கும், வெறும் புகாரோடு போய் அதை வீணாக்கக்கூடாது.

இன்னொன்றையும் மனதிலிருந்து சொல்கிறேன். எங்கள் தெருவில் புற்றுநோய் வந்த வீடுகளை நான் விரல்விட்டு எண்ணுவேன். அதில் என் சொந்தமும் உண்டு. ஆனாலும் மனுவில் "மணலால் புற்றுநோய்" என்று எழுதவேண்டாம் என்று கூட்டத்தில் கெஞ்சினேன். கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைப் பத்தாண்டுக்குமேல் பின்தொடர்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. எதிர்த்தரப்பு அந்த ஒரு தாளை நீட்டினால் நம் மற்ற நியாயமும் சேர்ந்து விழும். அந்த ஆய்வு பார்த்தது தரையிலிருந்து வரும் இயற்கைக் கதிரை. ஆலைத் தூசியை மூச்சில் இழுத்தவர்களைப் பற்றியோ குழி மிச்சத்தைப் பற்றியோ அது பேசவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப நமக்கென்று ஒரு நோய்ப் பதிவு வேண்டும். நம்மவர்களில் எத்தனையோ பேர் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிறார்கள். ஊர்வாரியாகப் பார்க்க வேண்டுமென்றால் அங்குள்ள கணக்கையும் இங்குள்ள கணக்கையும் ஒன்றாக வைக்கவேண்டும். வலியைக் குறைத்துச் சொல்லவில்லை. அது வீணாகக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

மதுரை, கனிம நிதி, தெரு

மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு போடலாம். உயர் நீதிமன்றத்தின் கை நீளம்: தனியார் கடற்கரைக் கனிம முறைகேட்டில் மத்தியப் புலனாய்வு விசாரணைக்கும் 5,832 கோடி ரூபாய் வசூலுக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான் 2025 பிப்ரவரி 17இல் வழிவிட்டது. தமிழக அரசு அந்த மணல் தொழிலைத் தடை செய்தது 2013இல். இடையில் 11 வருடத்துக்குமேல். எங்கள் 40,000 ரூபாய் அந்தப் பாதையில் முதல் வளைவுவரைகூடப் போகாது.

மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. 2015இல் திருத்திய சட்டப்படி, குத்தகைதாரர் அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகைக்குமேல் அதில் 10 அல்லது 30 விழுக்காட்டைச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிக்கென்று கட்டவேண்டும். தலைமை கலெக்டர். குடிநீர், சுகாதாரம், சுற்றுச்சூழல் போன்றவற்றுக்கு முதலிடம் என்று விதி. வழக்கில்லாமல், சண்டையில்லாமல் கேட்கலாம். ஆனால் பொதுவாக ஊர்கள் இதில் ஒரு ஹைமாஸ் விளக்கும் சமூகக்கூடமும் வாங்கிக்கொண்டு கைதட்டிவிடுகின்றன. விளக்கு வேண்டாம் என்று சொல்லும் துணிவு ஊருக்கு வேண்டும். கேட்கவேண்டியது இரண்டு: கிணறுகளின் தண்ணீரை வருடா வருடம் சோதித்துப் பலகையில் எழுதிப்போடுவது, வீடுவாரி நோய்ப் பதிவு. இரண்டும் நாளை எந்த வழக்குக்கும் ஆதாரமாக நிற்கும்.

தெருவில் இறங்குவது? கிள்ளியூர் வட்டத்துக்காரர்களைக் கேளுங்கள். கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஊர்களில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1இல் பத்மநாபபுரத்தில் கருத்துக்கேட்பு வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்ததால் அது தள்ளிவைக்கப்பட்டது. சனம் சேர்ந்ததால் நடந்த காரியம். ஆனால் 2025 செப்டம்பர் 8இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்து ஒரு குறிப்பாணை போட்டது. எந்த மேசைமுன் நின்று நாம் பேசினோமோ அந்த மேசையையே எடுத்துவிட்டார்கள். இது அநீதி. மண்ணும் கரையும் யாருடையதோ அவர்களிடம் கேட்காமல் எடுக்கிற எதுவும் அநீதிதான். இதை எதிர்த்துத் தெருவில் நிற்பது சரி, நானும் நிற்பேன். பழைய குழியின் கணக்கு மட்டும் அதில் வராது.

என் முடிவு

வெட்டிய ஊருக்கு ஒரு முடிவு, வெட்டாத ஊருக்கு வேறு முடிவு.

கிள்ளியூர்ப் பக்கம் இன்னும் வெட்டாத ஊர்கள் முதல் காசை அளப்பதற்குச் செலவு செய்யட்டும். இந்த ஆனி ஆடி, அடுத்த தை மாசி. கிணற்றின் ஆழம், தண்ணீரின் உப்பு, மேட்டின் உயரம், கதிரின் அளவு. எங்களிடம் இல்லாமல்போன 'முன்பு எவ்வளவு' என்ற தாள் உங்களிடம் இன்னும் எழுதப்படக்கூடிய நிலையில் இருக்கிறது. வெட்டத் தொடங்கிய மறுநாள் அதை எந்தப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

எங்களைப் போல வெட்டி மூடிய ஊர்கள் தகவல் மனுவிலிருந்து தொடங்கவேண்டும். கூட்டத்தில் நான் வைத்த கணக்கு இது: ஐந்து தகவல் மனுக்களுக்கும் மேல்முறையீட்டுக்கும் நகலுக்குமாக 3,000 ரூபாய். கல்லூரி மாணவர்கள் இரண்டு பருவம் வந்து அளக்க, மணலையும் தண்ணீரையும் ஆய்வகத்தில் பகுக்க 22,000. மீதி 15,000 ரூபாயைத் தொடாமல் வங்கியில் வைப்பது, பதில்கள் வந்ததும் தீர்ப்பாயத்துக்கு. சீரமைப்பு மட்டும் கேட்டு, இழப்பீடு கேட்காமல் முதல் மனு. கனிம நிதிக்கான கோரிக்கை அடுத்த திங்களே. அதற்குக் காசு வேண்டாம். கருவி வாங்கவேண்டாம், மதுரை இப்போது வேண்டாம்.

ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. பின்னாலிருந்த அண்ணன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு நேரே தெருவுக்குப் போகவேண்டும். ஆனாலும் தகவல் மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. யார் பெயரில் போடுவது என்று எல்லோரும் தயங்கியபோது "என் பேர்ல போடு" என்றார்.

அளக்கவேண்டிய இருபது புள்ளிகளைப் பெண்கள்தான் சொன்னார்கள். குருசடி முற்றம், பள்ளிக்கூட மைதானம், மீன் காயவைக்கும் களம், அங்கன்வாடி, மூன்று கிணறு, வெட்டாமல் விட்ட பனங்காட்டின் நடு. எட்டாவது புள்ளியாக என் சித்தி தன் வீட்டைச் சொன்னாள். முப்பது வருடத்துக்கு முன் சித்தப்பா அந்த வீட்டின் அஸ்திவாரத்தைக் கரையிலிருந்து தலைச்சுமையாய்க் கொண்டுவந்த கருமணலால் நிரப்பினார். வெள்ளை மணலுக்குக் காசு கொடுக்கவேண்டும், அது சும்மா கிடைத்தது. அந்த மணலின் தோரியத்திலிருந்து பிறந்து எழும் தோரான் என்ற கதிர்வீசும் வாயு ஒரு நிமிடத்துக்குள் பாதியாகிவிடும், வெடிப்பில்லாத சிமெண்டுத் தரை அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும், வெடிப்பிருந்தால் பூசிவிடலாம், காமா கதிர் மட்டும் தரையைத் தாண்டி வரும் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, மூலையில் கட்டில் கிடக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி நோட்டில் எழுதவைத்தாள். "என்ன வந்தாலும் மறைக்காம எங்கிட்ட முதல்ல சொல்லணும் பிள்ளே" என்றாள். எழுதியிருக்கிறேன்: புள்ளி 8, வடக்குப் படுக்கையறை, கட்டிலடி.